கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு யுத்தம்!

‘கிளிஃப்ஹேங்கர்’ படம் ஞாபகம் இருக்கிறதா? 1993-ல் வந்தது. சில்வஸ்டர் ஸ்டலோன் பனிமலையில் ஓடுவார், தாவுவார், ஒரு கையில் தொங்குவார். தியேட்டரில் நாம் நாற்காலியின் கைப்பிடியை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதில் இரண்டு பாறைகளுக்கு நடுவே, அதலபாதாளத்துக்கு மேலே ஒரு தொங்கு பாலம் வரும். கதைப்படி அது அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர். நிஜத்தில் அந்தப் பாலம் இருப்பது இத்தாலியில். டோலமைட் மலைகளில், கிறிஸ்டாலோ என்கிற சிகரத்தின் முகட்டில், ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில். நீளம் 27 மீட்டர்.

பாலம் ஒரு பாதையின் பகுதி. ‘இவானோ டிபோனா’ என்று ஒரு மலை வழிகாட்டியின் பெயரை அந்தப் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டி முகட்டிலேயே தொடர்ந்து நடந்தால் வேறொரு காட்சி வருகிறது. சரிந்து கிடக்கும் மரக் குடில்கள், கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள், யாரோ பாறையில் வெட்டி வைத்த படிகள். எல்லாம் 1915-க்கும் 1917-க்கும் நடுவே சோல்ஜர்கள் குடியிருந்த இடங்கள். ஹாலிவுட் காமிரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் கதை கெட்டுவிடும். ராக்கி மலையில் ஏது முதல் உலகப் போர்?

ஸ்டலோன் மீது எனக்குக் கோபமில்லை. அவர் வந்தது சண்டை போட, போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால், அந்த மலையைப் பார்க்கப் போகிற எல்லோருமே கொஞ்சம் ஸ்டலோன் ஆகிவிடுகிறோமோ என்று ஒரு சந்தேகம். இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

‘வியா ஃபெராட்டா’ என்று ஒரு சமாசாரம். இத்தாலிய மொழியில் இரும்புப் பாதை என்று பொருள். ரயில் பாதை என்று நினைத்துவிடாதீர்கள். செங்குத்துப் பாறையில் இரும்பு வடத்தை இழுத்துக் கட்டி, கால் வைக்க முளைகள் அடித்து, எட்டாத இடத்தில் ஏணி சாத்தி வைத்திருப்பார்கள். உங்கள் இடுப்பில் ஒரு பட்டை. அதிலிருந்து இரண்டு வார். ஒவ்வொரு வாரின் நுனியிலும் ஒரு கொக்கி. இரண்டையும் வடத்தில் மாட்டிக்கொண்டு நகர வேண்டியது. வடத்தைப் பாறையோடு பிணைத்திருக்கும் இடம் வந்தால், முதல் கொக்கியைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டு, அப்புறம் இரண்டாவது. எந்த நேரத்திலும் ஒரு கொக்கியாவது கம்பியில் இருக்கணும். இரண்டும் ஒரே சமயத்தில் கையில் இருந்தால்... இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மலையேற்றத்தில் பெரிய பயிற்சி இல்லாத, லேசாகத் தொப்பை விழுந்த நாற்பது வயசுக்காரரும் தலைசுற்றல் மட்டும் இல்லாவிட்டால், ஒரு வழிகாட்டியோடு போய் எளிய பாதைகளை முடித்துவிடலாம். அதனால்தான் இதற்கு இத்தனை கூட்டம்.

‘யுத்தத்தில் சிப்பாய்கள் போட்ட பாதையில் நடக்க வாருங்கள்’ என்பது சுற்றுலாக்காரர்களின் வழக்கமான வசனம். இது பாதி நிஜம். ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் சிகரத்தில் 1843-லேயே பாறையில் இரும்பு அடித்துவிட்டார்கள். டோலமைட்டின் மிக உயர்ந்த மலையான மார்மொலாடாவின் மேற்கு முகட்டில் 1903-ல் இரும்புப் பாதை தயார். நகரத்து வசதிக்காரர்கள் லீவில் வந்து பொழுதுபோக்கப் போட்டது அது. யுத்தம் வந்ததும் அந்தப் பொழுதுபோக்குச் சாமானை எடுத்து ராணுவத் தளவாடம் ஆக்கினார்கள். யுத்தம் முடிந்து, தளவாடம் மறுபடி பொழுதுபோக்கு ஆகிவிட்டது. விளையாட்டு, போர், விளையாட்டு. இந்த மூன்றில் நடுவில் இருப்பதை மட்டும் தனியே எடுத்து, ‘வீரம்’ என்று பெயர் எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

அந்த நடுப்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915 ஏப்ரலில் லண்டனில் ஒரு ரகசிய ஒப்பந்தம். ‘எங்கள் பக்கம் வந்தால் ஆஸ்திரியாவிடமிருந்து இன்னின்ன நிலம் உனக்கு’ என்று பிரிட்டனும் பிரான்ஸும் ரஷ்யாவும் இத்தாலிக்கு வாக்குக் கொடுத்தன. மே 23-ம் தேதி இத்தாலி, ஆஸ்திரியா - ஹங்கேரி மீது போர் அறிவித்தது. பேரம் படிந்த நிலத்தின் வாசலில் நின்றது இந்த மலை. இன்று இத்தாலியின் செல்ல ஊரான கோர்ட்டினா, அன்று ஆஸ்திரியாவில் இருந்தது. ஊர்ப் பையன்கள் ஏற்கெனவே ஆஸ்திரியச் சீருடையில் ரஷ்யாவோடு சண்டை போடப் போயிருந்தார்கள். 1919-ல் ஒரு கையெழுத்தில் ஊர் இத்தாலிக்குப் போனது. எந்த நாட்டுக்காகச் செத்தானோ அந்த நாடு, அவன் கல்லறை இருக்கும் ஊரிலேயே இல்லை!

மலைப் போரில் மேடு யார் கையிலோ அவன் ராஜா. ஆகவே இரண்டு ராணுவமும் ஏறிக்கொண்டே போயின. ஏற இடமில்லாதபோது பாறையைக் குடைந்தன. எதிரி உட்கார்ந்திருக்கும் உச்சிக்கு அடியில் சுரங்கம் வெட்டி, வெடிமருந்தை நிரப்பி, மலையையே தூக்கி எறிவது என்று முடிவெடுத்தன.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் காகிதத்தின் நடுவே கோடு கிழித்து வரவு, செலவு எழுதத் தோன்றும். எழுதிப் பார்த்தேன்.

கொல் டி லானா. 1916 ஏப்ரல் 17 இரவு. இத்தாலியர் வைத்தது 5 டன் வெடிமருந்து. உச்சி பறந்தது. சுமார் 100 ஆஸ்திரிய வீரர்கள் அதோடு போனார்கள். வரவு: ஒரு மொட்டை மேடு. அடுத்திருந்த சியெஃப் மேடு ஆஸ்திரியர் கையிலேயே இருந்ததால் வழி திறக்கவில்லை.

காஸ்டெலெத்தோ. 1916 ஜூலை 11. டோஃபானா மலையை ஒட்டி நிற்கும் ஒரு பாறைக் கோபுரம். இத்தாலியர் வைத்தது 35 டன். வெடித்த பிறகு சுரங்கத்தில் நிறைந்த நச்சுப் புகை, அதே சுரங்கம் வழியாக ஏற வந்த இத்தாலியர்களையே திணறடித்தது. வரவு: அந்தப் பாறை.

லகட்ஸுவோய். இங்கே ஆஸ்திரியர் 4 தடவை, இத்தாலியர் 1 தடவை வெடித்தார்கள். 1917 ஜூன் 20-ல் இத்தாலியர் வைத்தது மட்டும் சுமார் 33 டன். மலையின் முகம் மாறியது. உடைந்த கல் சரிந்து கிடப்பதை இன்றைக்கும் கீழே கணவாயில் நின்று பார்க்கலாம். வரவு: பூஜ்யம்.

இறுதி இருப்பு? 1917 அக்டோபர் 24-ல் கிழக்கே, வெகு தொலைவில், காபொரெட்டோ என்ற இடத்தில் இத்தாலிய அணி உடைந்தது. பின்னால் வழி அடைபட்டுவிடும் என்ற பயத்தில் நவம்பரில் இந்த மலைகளை விட்டு இத்தாலிய ராணுவம் இறங்கிப் போய்விட்டது. இரண்டரை வருஷம் அங்குலம் அங்குலமாகப் பிடித்ததை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். இந்த ஐந்தொகையில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு லகட்ஸுவோய் போய்ப் பாருங்கள். ஃபல்ஸாரெகோ கணவாயிலிருந்து ரோப் கார் சில நிமிடங்களில் மேலே கொண்டுவிடும். அங்கிருந்து இத்தாலியர் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து மலையின் வயிற்றுக்குள்ளேயே கீழே இறங்கி வரலாம். 1,100 மீட்டர் நீளம். தலையில் ஹெல்மெட், நெற்றியில் விளக்கு கட்டாயம். படிகள் செங்குத்து, ஈரம் வேறு. ஒரு பக்கம் கம்பி. கம்பியை விட்டால் நீங்கள் எந்த வேகத்தில் வெளியே வருவீர்கள் என்று சொல்ல முடியாது. நடுநடுவே பாறையில் வெட்டிய அறைகள். தூங்க ஒன்று, வெடிமருந்து வைக்க ஒன்று. சுடுவதற்கான துளை வழியே எட்டிப் பார்த்தால் கீழே பச்சைப் புல்வெளி, எதிரே மாலை வெயிலில் சிவக்கும் சிகரங்கள். என்ன அழகு!

என் விமர்சனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தப் போர்க்களம் அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது. பிரான்ஸில் சேற்றுப் பள்ளங்களில் செத்தவர்களைப் பற்றிப் படித்தால் வயிற்றைப் புரட்டும். இங்கே அப்படி எதுவும் நேருவதில்லை. காற்று சுத்தமாக இருக்கிறது. உச்சியில் நல்ல காபி கிடைக்கிறது. நான் படித்த அறிவிப்புப் பலகைகள் எத்தனை டன், எத்தனை மீட்டர், எந்தத் தேதி என்று துல்லியமாகச் சொல்கின்றன. எப்படிக் குடைந்தார்கள், எப்படி பீரங்கியை ஏற்றினார்கள், எப்படிக் குளிரில் தூங்கினார்கள்... எல்லா ‘எப்படி’க்கும் பதில் உண்டு. ‘எதற்கு?’ என்ற கேள்விக்கும் ‘யார் சொல்லி?’ என்ற கேள்விக்கும் பலகை வைக்கவில்லை.

விளைவு, வெளியே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: ‘எப்படித்தான் செய்தானுங்களோ!’ நல்ல வாக்கியம்தான். ஆனால், வியப்பு ரொம்ப சாமர்த்தியசாலி. கோபம் உட்கார வேண்டிய நாற்காலியில் முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சினிமாவிலும் இதே கதைதான். லூயிஸ் டிரெங்கர் என்று ஒருவர். இந்த மலைப்பக்கத்துக்காரர், மலை வழிகாட்டி, ஆஸ்திரிய ராணுவத்தில் சண்டை போட்டவர். 1931-ல் ‘பற்றி எரியும் மலைகள்’ என்று ஜெர்மன் மொழியில் ஒரு படம் எடுத்து, தானே நடித்தார். ஓர் ஆஸ்திரியன், ஓர் இத்தாலியன். மலையேறும் நண்பர்கள். யுத்தம் அவர்களை எதிரெதிரே நிறுத்துகிறது. ஆஸ்திரியன் காவல் இருக்கும் உச்சிக்கு அடியில் இத்தாலியர் சுரங்கம் தோண்டுகிறார்கள். தலைக்குக் கீழே துளை போடும் சத்தத்தைக் கேட்டபடி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தக் காட்சிகளுக்கு எழுந்து நின்று கைதட்டலாம். சத்தம் கேட்கும்வரை உயிர் இருக்கிறது. சத்தம் நின்றால் வெடி வைக்கிறான் என்று அர்த்தம். அனுபவித்தவன் எடுத்த படம் என்பது தெரிகிறது.

முடிவு? யுத்தம் ஓய்ந்தபின் நண்பர்கள் இருவரும் பழையபடி சேர்ந்து மலையேறுகிறார்கள். சுபம். கண்ணில் நீர் வரவழைக்கும் முடிவு. யார் மேலும் தப்பில்லாத முடிவும்கூட. மழை பெய்தது, நின்றது என்பதுபோல யுத்தம் வந்தது, போனது. இரும்புப் பாதைக்காரர்கள் இன்று சொல்வதும் ஏறக்குறைய டிரெங்கரின் கதைதான்.

இதற்கு மாற்று மருந்து ஒரு புத்தகம். எமிலியோ லுஸ்ஸு எழுதிய ‘பீடபூமியில் ஓராண்டு’. லுஸ்ஸு, சார்டீனியா தீவுக்காரர். டோலமைட்டுக்குத் தெற்கே ஆசியாகோ பீடபூமியில் இத்தாலிய அதிகாரியாக இருந்தவர். பின்னாளில் முசோலினியை எதிர்த்து நாட்டைவிட்டே போக நேர்ந்தது. புத்தகம் 1938-ல் பாரீஸில்தான் வெளிவர முடிந்தது.

லுஸ்ஸுவின் உலகத்தில் மலை அழகு அதிகம் கிடையாது. பிராந்தி வாசனைதான். தாக்குதலுக்கு முன்னால் இரு தரப்பும் சிப்பாய்களுக்கு ஊற்றிக் கொடுத்தே அனுப்புகிறார்கள். ஒரு தளபதி வருகிறார். இரும்புக் கவசம் போட்டால் குண்டு துளைக்காது, பழைய ரோமானியர் இப்படித்தான் ஜெயித்தார்கள் என்று பிரசங்கம் செய்து, ஆட்களுக்குக் கவசம் பூட்டி, பட்டப்பகலில் முள்வேலி வெட்ட அனுப்புகிறார். எதிரியின் மெஷின்கன் எல்லோரையும் சாய்க்கிறது. ‘எதற்கு, யார் சொல்லி’ என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்த ஓர் அத்தியாயத்தில் கிடைத்துவிடுகிறது.

இன்னோர் இடம். லுஸ்ஸு மறைவாகப் போய் எதிரியின் பதுங்குகுழியைப் பார்க்கிறார். அங்கே காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் இளம் ஆஸ்திரிய அதிகாரி சிகரெட் பற்றவைக்கிறான். துப்பாக்கிக் குறி சரியாக அவன் மேல். விசையை அழுத்த லுஸ்ஸுவால் முடியவில்லை. யுத்தத்தில் கூட்டமாகப் போய்க் கொல்வது வேறு. சிகரெட் பிடிக்கும் ஒருத்தனைக் கொல்வது வேறு என்று தோன்றிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் கார்ப்பொரலிடம் துப்பாக்கியை நீட்டுகிறார். அவனும் மாட்டேன் என்கிறான்.

1970-ல் ஃபிரான்செஸ்கோ ரோஸி இந்தப் புத்தகத்தைப் படமாக்கினார். புத்தகத்தில் உயிரோடு மிஞ்சும் அதிகாரியை, படத்தின் முடிவில் சொந்த ராணுவமே சுட்டுக் கொல்கிறது. ரோஸியின் குரல் கொஞ்சம் உரக்கத்தான் ஒலிக்கிறது. லுஸ்ஸுவின் மெல்லிய கிண்டல் படத்தில் அவ்வளவாக இல்லை. ஆனாலும் கற்பனை என்று தள்ள முடியாது. அந்த யுத்தத்தில் இத்தாலிய ராணுவம் விசாரணை நடத்தித் தீர்ப்பெழுதிச் சுட்ட தன் சொந்த வீரர்களே 700 பேருக்கு மேல். என் சிபாரிசு இது: புத்தகம் முதலில், படம் இரண்டாவது, மலை மூன்றாவது. இந்த வரிசையில் போனால் சுரங்கத்தின் இருட்டு வேறு மாதிரி இருக்கும்.

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பாதைகளைச் சுத்தம் செய்து, சரிந்த சுவர்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் எல்லோரும் சுற்றுலா வியாபாரிகள் இல்லை. வால்டர் ஷௌமன் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி, 1973-ல் ‘டோலமைட் நண்பர்கள்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். பல நாட்டுத் தொண்டர்கள் வந்து, ஒருகாலத்தில் தாத்தாக்கள் ஒருவரையொருவர் சுட்ட பாதைகளைச் சேர்ந்து செப்பனிட்டார்கள். ‘சமாதானப் பாதை’ என்று பெயரும் வைத்தார்கள். கும்பிடத் தகுந்த காரியம். கம்பியும் ஏணியும் இல்லாவிட்டால் அந்த இடங்களை எலும்பு முறியாமல் நம்மால் பார்த்திருக்கவே முடியாது. பாதையில் குறையில்லை. பாதையோரத்துப் பேச்சில்தான் குறை.

பேச்சு எப்படி வழுக்குகிறது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். 1916 டிசம்பர் 13 அதிகாலை. மார்மொலாடாவில் ஒரு ஆஸ்திரிய முகாம் மேல் பனி சரிந்தது. சுமார் 270 பேர் புதைந்தார்கள். இந்தச் சாவுக்கு ‘வெள்ளை வெள்ளிக்கிழமை’ என்று காவியம் மாதிரி ஒரு பெயர் நிலைத்துவிட்டது. காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். அன்று புதன்கிழமை! கிழமை தப்பினால் போகட்டும். முகாமின் பொறுப்பில் இருந்த கேப்டன், ‘இங்கே ஆபத்து, இடத்தை மாற்ற வேண்டும்’ என்று முன்பே மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். இந்தத் தகவல் அந்தக் கவர்ச்சியான பெயருக்குள் எங்கே இருக்கிறது? ‘இயற்கையின் சீற்றம்’ என்று சொல்லிவிட்டால் மேலிடத்துக்கு நிம்மதி.

நமக்கு எதற்கு இத்தாலிக் கதை என்று கேட்பீர்கள். நம்மிடமும் ஒரு பனிமலைப் போர்முனை இருக்கிறது. சியாச்சின். 1984 ஏப்ரலிலிருந்து. 2003 நவம்பரில் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் பனி ஓயவில்லை. 2012 ஏப்ரல் 7-ல் கயாரி என்ற இடத்தில் பாகிஸ்தான் தரப்பில் 140 பேரைப் பனி மூடியது. 2016 பிப்ரவரி 3-ல் நம் பக்கம், 19,000 அடிக்கு மேல் இருந்த காவல் முனையில் 10 பேரை மூடியது. அவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள். 4 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடகத்து ஹனுமந்தப்பாவுக்காக நாடே வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11-ல் அவரும் போய்விட்டார். மார்மொலாடாவுக்கும் இதற்கும் நடுவே ஏறக்குறைய நூறு வருஷம்.

2019 அக்டோபரில் சியாச்சின் அடிவார முகாமிலிருந்து குமார் முனை வரை சுற்றுலாப் பயணிகள் போகலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. ‘ராணுவம் எப்படிக் கஷ்டப்படுகிறது என்று ஜனங்கள் தெரிந்துகொள்ளட்டும்’ என்பது நோக்கம். நல்ல நோக்கம். ‘எப்படி’ என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால், டோலமைட்டில் நூறு வருஷமாக நடந்தது எனக்கு ஞாபகம் வருகிறது. போகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு, ‘எப்படித்தான் இருக்காங்களோ!’ என்று வியந்துவிட்டு, அந்த வியப்போடு கடமை முடிந்ததென்று இறங்கிவிடக் கூடாது.

இத்தாலியின் பனி இப்போது உருகிக்கொண்டிருக்கிறது. 2004-ல் சான் மத்தேயோ சிகரத்துக்கு அருகே 3 ஆஸ்திரிய வீரர்களின் உடல்கள் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தன. செத்து 86 வருஷம் ஆகியிருந்தது. மலை யாரையும் ஒரேயடியாக ஒளித்து வைப்பதில்லை. கணக்கை என்றைக்காவது ஒருநாள் எடுத்துக் காட்டிவிடுகிறது.

என்றைக்காவது சியாச்சினில் சண்டை முழுசாக ஓய்ந்து, இரு நாட்டுப் பேரன்மாரும் ஒரே கம்பியில் கொக்கி மாட்டி நடக்கிற காலம் வரட்டும். வரவேண்டும் என்பதே என் பிரார்த்தனை. அன்று அங்கே வைக்கிற பலகையில் உயரத்தையும் குளிரின் டிகிரியையும் சின்ன எழுத்தில் போட்டால் போதும். பெரிய எழுத்தில் பெயர், ஊர், வயசு. அதற்குக் கீழே, யார் எச்சரித்தார், யார் கேட்கவில்லை என்கிற இரண்டு வரி.

ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே படித்துவிடலாம்.